60 தாண்டியும் தெம்பாக, சந்தோஷமாக இருக்க எதைப் பிடித்துக்கொள்வது?

புதுக்காலை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 59 வயது, அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட். பி.பி.க்கு ஒரு மாத்திரை போடுகிறேன், மற்றபடி பெரிதாக எதுவும் இல்லை, காலையில் தவறாமல் வாக்கிங் போகிறேன். ஆனால் கொஞ்ச காலமாக ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடியவில்லை, மாடிப்படியில் கை தானாகக் கைப்பிடியைத் தேடுகிறது. தினமும் நடக்கிறவனுக்கே இப்படியா என்று இருக்கிறது.

எனக்குத் தெரிந்தவர்களில் 82 வயதிலும் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டு, யாரைப் பார்த்தாலும் நின்று பேசிவிட்டுப் போகிறவர் ஒருவர் உண்டு. 67 வயதிலேயே நாற்காலியோடு ஒட்டிப்போய், எதைக் கேட்டாலும் "இனிமேல் என்ன இருக்கு" என்று சொல்கிறவரும் உண்டு. இருவரும் ஏறக்குறைய ஒரே மாதிரி வேலை பார்த்தவர்கள், வசதியிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? அதிர்ஷ்டம் மட்டும்தானா, அல்லது நம் கையிலும் ஏதாவது இருக்கிறதா?

இருபது அறிவுரை வேண்டாம், அதெல்லாம் தினமும் போனுக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. அனுபவத்திலோ தொழிலிலோ இதைக் கிட்டத்தில் பார்த்தவர்கள், எதை முதலில் தொடங்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

நிமிர்ந்தநடை எழுதியது:

சார், நான் பிசியோதெரபிஸ்ட், பெரும்பாலும் வயதானவர்களோடுதான் என் வேலை. நேரடியாகவே சொல்கிறேன், வாக்கிங் நல்லது, விடாதீர்கள், ஆனால் அது போதாது. நடப்பது இதயத்துக்கும் மூச்சுக்கும் உதவும், தொடையிலும் இடுப்பிலும் இருக்கிற பெரிய தசைகளுக்கு வலு கூட்டுகிற அளவுக்கு அதில் பாரம் விழுவதில்லை. 30 வயதுக்கு மேல் பத்து வருஷத்துக்கு ஏறக்குறைய 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது, 60-ஐத் தாண்டினால் இன்னும் வேகமாகப் போகிறது. அதிலும் முதலில் கரைவது சட்டென்று வேகம் கொடுக்கிற தசைநார்கள்தான், கால் தடுக்கும்போது உடனே அடுத்த காலை எடுத்து வைத்து நம்மை நிறுத்துவது அவைதான். தரையிலிருந்து எழ முடியவில்லை என்று நீங்கள் சொல்வது அதன் அறிகுறியாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு. மூட்டு வலியோ மரத்துப்போவதோ கூட இருந்தால் மட்டும் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

நல்ல செய்தி என்னவென்றால், தசைக்கு நம் வயது தெரியாது, பாரம் கொடுத்தால் எந்த வயதிலும் பதில் சொல்லும். 1990-இல் அமெரிக்காவில் முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரியாக 90 வயதான ஒரு சிறு குழுவுக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது, அவர்கள் நடையும் மேம்பட்டது. சின்ன ஆய்வுதான், ஆனால் அதற்கப்புறம் வந்த பல ஆய்வுகளும் அதே திசையைத்தான் காட்டின. அதனால் "இந்த வயசுல எதுக்கு எடை தூக்கிக்கிட்டு" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள், இந்த வயதில்தான் அது கட்டாயம்.

இன்னொரு பக்கமும் தெரிய வேண்டும். 1966-இல் டாலஸ் நகரத்தில் 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். முப்பது வருஷம் கழித்து அதே ஐந்து பேரைச் சோதித்தால், அந்த மூன்று வாரத்தில் ஆக்சிஜனைப் பயன்படுத்தி உழைக்கிற திறனில் உடல் இழந்தது முப்பது வருஷ முதுமையில் இழந்ததைவிட அதிகம்! அப்புறம் ஐம்பது வயதில் ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தபோது, அந்த முப்பது வருஷ இழப்பு ஏறக்குறைய முழுதும் திரும்பி வந்தது. நாம் வயதின் கணக்கில் எழுதுகிற தளர்ச்சியில் பெரும் பங்கு சும்மா இருப்பதால் வருவது, இதை என் வேலையில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். காய்ச்சல், சின்ன ஆபரேஷன் என்று பத்து நாள் படுத்தாலே ஆரோக்கியமான முதியவருக்குக் கால்களில் மட்டும் ஒரு கிலோ அளவுக்குத் தசை போய்விடும் என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் ஆஸ்பத்திரியில் எழுந்து உட்கார முடிந்த அன்றே நடக்கவிடுங்கள் என்று நாங்கள் மன்றாடுகிறோம்.

எப்படித் தொடங்குவது? ஜிம் எல்லாம் வேண்டாம். கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொள்ளுங்கள், 30 நொடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயது வரை ஆண்களுக்கு 14-க்குக் கீழே, பெண்களுக்கு 12-க்குக் கீழே என்றால் சராசரியைவிடக் குறைவு என்று வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு இன்னும் 60 ஆகவில்லை, அதனால் அதைத் தாண்டியே வர வேண்டும். அதே எழுந்து உட்காருவதுதான் பயிற்சியும். வாரத்தில் இரண்டு மூன்று நாள், கடைசி ஒன்றிரண்டு முறை எழக் கஷ்டமாக இருக்கும் அளவுக்குச் செய்யுங்கள். சுலபமாகிவிட்டால் கையில் கொஞ்சம் எடை பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் உட்காருவதை மெதுவாக்குங்கள். பி.பி. இருப்பதால் ஒன்று மட்டும் முக்கியம், எழும்போது மூச்சை அடக்கக் கூடாது, மூச்சை விட்டுக்கொண்டே எழுங்கள்.

பல் தேய்க்கும் நேரத்தில் ஒற்றைக் காலில் நிற்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒரு கை பிடிமானத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 65-க்கு மேல் வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, இரண்டு நாளாவது தசைப் பயிற்சி, மூன்று நாளாவது பேலன்ஸ் பயிற்சி என்று தனித்தனியாகவே சொல்லியிருக்கிறது. முதல் பகுதி பாதிப் பேருக்காவது தெரியும், மற்ற இரண்டும் யாருக்கும் போய்ச் சேரவே இல்லை, அதுதான் எனக்கு ஆதங்கம்.

புரதத்தையும் மறந்துவிடாதீர்கள், தசைக்கு அதுதான் மூலப்பொருள். ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு 1 முதல் 1.2 கிராம் என்று முதியவர்களுக்குப் பரிந்துரைக்கிறார்கள். சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் கூட்டாதீர்கள்.

சாயங்காலவெயில் எழுதியது:

பிசியோ தம்பி சொன்னது எல்லாம் சரி, ஆனால் கேள்வியில் "சந்தோஷமாக" என்றும் இருக்கிறதே, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கு 74 வயது. கணவர் போய்ச் சில வருஷம் ஆகிறது, பிள்ளைகள் தூரத்தில்.

வேலைக்குப் போகும்போது மனிதர்கள் தாமாகவே வந்து சேர்வார்கள், நாம் தேட வேண்டியதில்லை. ரிட்டயர் ஆனால் அது நின்றுவிடும். போன் வருவது குறையும், "எப்போ வருவீங்க" என்று கேட்க ஆள் இருக்காது, பல ஆண்களுக்கு அந்த முதல் வருஷம் அப்படித்தான் போகிறது. பெண்களிடம் எப்படியோ நாலு பேர் தொடர்பு இருக்கும், ஆண்களுக்கு எல்லாம் ஆபீஸோடு போய்விடுகிறது. நீங்கள் சொன்ன அந்த 67 வயதுக்காரருக்குக் கால்தான் முதலில் போனதா, அல்லது போக ஓர் இடம் இல்லாமல் போனதா என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள், எனக்கு இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது.

ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1938-இல் தொடங்கிய ஓர் ஆய்வு இன்னும் நடக்கிறது, 724 ஆண்களை வாலிபத்திலிருந்து சாகும்வரை பின்தொடர்ந்து, இப்போது அவர்கள் பிள்ளைகள் வரை வந்துவிட்டது. 50 வயதில் உறவுகளில் திருப்தியாக இருந்தவர்கள்தான் 80-இல் நலமாக இருந்தார்கள், அந்த 50 வயதின் கொலஸ்ட்ரால் அளவு கூட அவ்வளவு சரியாகச் சொல்லவில்லை என்று கண்டார்கள். நூறு பேரைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ராத்திரி ஒரு மணிக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் தயங்காமல் கூப்பிட ஒருவர் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

நான் பழகிக்கொண்ட வழி ஒன்றே ஒன்று. ஒரே இடத்துக்கு, ஒரே நேரத்துக்கு, விடாமல் போவது. பூங்காவோ நூலகமோ பாட்டு வகுப்போ எதுவானாலும் சரி. முதல் சில வாரம் யாரும் பேச மாட்டார்கள், தலையாட்டுவதோடு சரி. அப்புறம் ஒருநாள் நாம் போகவில்லை என்றால் "ஏன் வரல" என்று மறுநாள் கேட்பார்கள், அங்கிருந்துதான் நட்பு. புதிதாக நட்பு தேடுகிறேன் என்று கிளம்பினால் கிடைக்காது, சேர்ந்து செய்ய ஏதாவது இருக்க வேண்டும். அதிலும் நம்மிடம் யாராவது எதையாவது எதிர்பார்க்கிற மாதிரி இருந்தால் இன்னும் நல்லது, நான் வாரத்தில் இரண்டு நாள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன், அன்றைக்குக் காலையிலேயே உடம்பில் ஒரு சுறுசுறுப்பு வந்துவிடுகிறது.

இன்னொன்று, காது. இதை யாருமே சொல்ல மாட்டார்கள். காது மந்தமானால் கூட்டத்தில் பேச்சு புரியாது, திரும்பத் திரும்பக் கேட்கக் கூச்சமாக இருக்கும், மெல்ல மெல்லக் கூட்டத்தையே தவிர்ப்பார்கள், வீட்டில் உள்ளவர்கள் "அவருக்கு மறதி வந்துடுச்சு" என்பார்கள். என் தோழி இப்படித்தான் ஒதுங்கினாள், காது மிஷின் வைத்த பிறகு பழையபடி வாயாடுகிறாள். மறதி நோய் பற்றி லான்செட் மருத்துவ இதழின் குழு 2024-இல் சொன்ன, நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களில் காது கேளாமையும் ஒன்று. அந்த 14-ஐயும் சேர்த்துச் சரிசெய்ய முடிந்தால் ஏறக்குறைய 45 சதவீத மறதி நோயைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்பது அவர்கள் கணக்கு. கண்ணாடி போடக் கூச்சப்படாதவர்கள் காது மிஷினுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கூச்சப்படுகிறார்கள் என்று எனக்கு ஆறவே இல்லை.

நேர்கோடு எழுதியது:

இரண்டு பேர் சொன்னதிலும் தப்பு இல்லை, ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. எல்லாம் நம் கையில் என்கிற தொனி எனக்கு உறுத்துகிறது. எல்லாவற்றையும் சரியாகச் செய்தவருக்கும் பக்கவாதம் வருகிறது, புற்றுநோய் வருகிறது. அப்போது அவர் "நான் எங்கே கோட்டை விட்டேன்" என்று தன்னையே குடைந்துகொள்வதைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன், அது நோயைவிடக் கொடுமை. டென்மார்க்கில் 1870 முதல் 1900 வரை பிறந்த இரட்டையர்களை வைத்து 1996-இல் செய்த ஆய்வில், ஆயுள் வித்தியாசத்தில் ஏறக்குறைய கால் பங்குதான் பரம்பரை என்று வந்தது. இதைப் பார்த்துவிட்டு மீதி முக்கால் பங்கும் நம் பழக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள், அது தப்பு. பிறந்த சூழல், செய்த வேலை, விபத்து, வெறும் தற்செயல் எல்லாம் அந்த முக்கால் பங்குக்குள்தான் இருக்கின்றன.

அதனால் நோய் வந்தவரிடம் போய் வாக்கிங் போயிருக்கலாமே என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள்.

அதேபோல எதற்கெடுத்தாலும் "வயசாச்சுன்னா அப்படித்தான்" என்கிறதும் எனக்குக் கோபம் வரவழைக்கும் வார்த்தை. வீட்டில் சொல்கிறார்கள், சில நேரம் வைத்தியம் பார்க்கிறவர்களும் சொல்கிறார்கள். களைப்புக்குப் பின்னால் ரத்தசோகையோ தைராய்டோ வைட்டமின் பி12 குறைவோ இருக்கலாம், வயதானால் பி12 உறிஞ்சுவதே குறைகிறது, மெட்ஃபார்மின் போடுகிற சுகர்காரர்களுக்கு இன்னும் குறையலாம். எதிலும் ஆர்வம் இல்லாமல் சுருண்டு கிடப்பது மனச்சோர்வாக இருக்கலாம், அது முதுமையின் இயல்பு கிடையாது, சிகிச்சைக்குக் கேட்கும். தலைசுற்றலுக்குக் காரணம் புதிதாகச் சேர்ந்த ஒரு மாத்திரையாக இருக்கலாம். நாலு டாக்டர் நாலு காலத்தில் எழுதியது எல்லாம் ஒரே டப்பாவில் சேர்ந்து ஓடிக்கொண்டிருக்கும், எது எதற்கு என்று ஒருவருக்கும் தெரியாது. வருஷத்துக்கு ஒருமுறை அத்தனை மாத்திரைகளையும், கடையில் தானாக வாங்கிப் போடுகிறவற்றையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக்கொண்டு போய் "இதில் எது இன்னும் தேவை" என்று ஒரே டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், ஆனால் கேளுங்கள். என்னைக் கேட்டால் இதுதான் முதல் வேலை, மற்றதெல்லாம் அப்புறம்.

கிளைநிழல் எழுதியது:

நான் பிள்ளைகள் தரப்பிலிருந்து பேசுகிறேன், அப்பாவுக்கு 79. பாசத்தில் நாம் செய்கிற ஒரு காரியம், "நீங்க விடுங்கப்பா, நான் பார்த்துக்கறேன்" என்று எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்வது. பேங்க் வேலை, செடிக்குத் தண்ணீர், துணி மடிப்பது வரைக்கும். கொஞ்ச நாளில் அவர்களுக்குச் செய்ய எதுவும் இருக்காது, முடிவெடுக்கவும் எதுவும் இருக்காது. 1976-இல் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு முதியோர் இல்லத்தில் ஒரு தளத்தில் இருந்தவர்களுக்கு ஒரு செடியைக் கொடுத்து "இதைப் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு" என்று சொல்லி, சின்னச் சின்ன முடிவுகளையும் அவர்களிடமே விட்டார்கள். இன்னொரு தளத்தில் செடியும் கொடுத்து ஊழியர்களே பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். சில வாரத்தில் முதல் தளத்தில் இருந்தவர்கள் மற்றவர்களைவிடச் சுறுசுறுப்பாகவும் மகிழ்ச்சியாகவும் இருந்தார்கள்.

அப்பா மெதுவாகத்தான் செய்வார், பார்க்கிற நமக்குப் பொறுமை இருக்காது. பொறுத்துக்கொள்ள வேண்டியது நாம்தான். வழுக்காத தரை, ராத்திரி பாத்ரூம் வழியில் ஒரு விளக்கு, பிடித்து எழ ஒரு கம்பி, இவற்றைச் செய்து கொடுத்துவிட்டு வேலையை அவரிடமே விட்டுவிடலாம்.

புதுக்காலை எழுதியது:

இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. நாற்காலியில் எண்ணிப் பார்த்தேன், 11 வந்தது, அதனால் அதைத்தான் முதலில் பிடிக்கப் போகிறேன். சாயங்காலவெயில் அம்மா சொன்ன "ஒரே இடம், ஒரே நேரம்" மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது, ரிட்டயர் ஆகும்வரை காத்திருக்காமல் இப்போதே தேடுகிறேன்.

இரண்டு சந்தேகம். என் மனைவிக்கு முழங்கால் தேய்மானம், பயிற்சி செய்தால் இன்னும் தேயும் என்று பயப்படுகிறாள், அது உண்மையா? அப்புறம் எனக்கு ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது, தூக்க மாத்திரை கேட்டு வாங்கலாமா என்று யோசிக்கிறேன்.

நிமிர்ந்தநடை எழுதியது:

அந்தப் பயம் ரொம்பப் பேருக்கு இருக்கிறது சார், ஆனால் நிலைமை நேர் எதிர். முழங்கால் தேய்மானத்துக்கு முதல் வரிசைச் சிகிச்சையே பயிற்சிதான், தொடை முன்பக்கத் தசை வலுவானால் மூட்டில் விழுகிற பாரத்தை அது பகிர்ந்துகொள்ளும். பயந்து உட்கார்ந்துவிட்டால் தசை மெலியும், வலி கூடும், வலி கூடினால் இன்னும் உட்காருவார்கள். உங்கள் மனைவிக்கு உயரமான நாற்காலியிலிருந்து எழுவதைக் கொடுங்கள், தேவைப்பட்டால் மேலே ஒரு தலையணை போட்டு இன்னும் உயர்த்தலாம். செய்யும்போது லேசான வலி இருந்தால் பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும், வரவில்லை என்றால் அளவைக் குறைக்க வேண்டும், நிறுத்த வேண்டியதில்லை. மூட்டு சிவந்து வீங்கிச் சூடாக இருந்தால் மட்டும் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் எதுவும். உடல் எடை அதிகம் என்றால் கொஞ்சம் குறைந்தாலே வித்தியாசம் தெரியும்.

தூக்க மாத்திரையை நான் பரிந்துரைக்கவோ தடுக்கவோ முடியாது, ஆனால் ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து விழுந்து இடுப்பு உடைத்துக்கொண்டு என்னிடம் வருகிறவர்களில் அந்த மாத்திரை போடுகிறவர்கள் அடிக்கடி இருக்கிறார்கள், அதனால் அவசரப்பட்டுக் கேட்டு வாங்காதீர்கள். வயது ஏறினால் ஆழ்ந்த தூக்கம் குறையும், இடையில் முழிப்பு கூடும், சீக்கிரம் தூக்கம் வந்து சீக்கிரம் கலையும், அந்த அளவுக்கு அது இயல்புதான். பகல் தூக்கத்தைச் சுருக்குங்கள், காலை வெளிச்சத்தில் நடங்கள், முழிப்பு வந்தால் புரண்டுகொண்டே கிடக்காமல் எழுந்து உட்காருங்கள், தூக்கம் வரும்போது திரும்பிப் போங்கள். குறட்டையும் மூச்சடைப்பும் இருந்தால், அல்லது பகலெல்லாம் சோர்வாக இருந்தால், அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஏற்கெனவே மாத்திரை போடுகிறவர்கள் இதைப் படித்தால், திடீரென்று நிறுத்தாதீர்கள், டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

சாயங்காலவெயில் எழுதியது:

தரையிலிருந்து எழுவதை அப்படியே விட்டுவிட்டோமே தம்பி. விழுந்தால் எழத் தெரியாமல் மணிக்கணக்கில் கிடந்தவர்களை எனக்குத் தெரியும். அதையும் சொல்லிக்கொடுங்கள், என் வயதுக்காரர்களுக்கு அதுதான் பெரிய பயம்.

நிமிர்ந்தநடை எழுதியது:

சரிதான் அம்மா, அது ரொம்ப முக்கியம். விழுந்தால் முதலில் அசையாமல் கிடந்து எங்காவது கடுமையான வலி இருக்கிறதா என்று பாருங்கள். இடுப்பிலோ கழுத்திலோ வலி என்றால், தலையில் அடி பட்டிருந்தால், எழ முயற்சிக்காமல் ஆளைக் கூப்பிடுங்கள். இல்லையென்றால் ஒரு பக்கமாகப் புரண்டு, முழங்கையை ஊன்றி, அப்புறம் கையை ஊன்றி உட்காருங்கள். முட்டி போட்டுத் தவழ்ந்து உறுதியான நாற்காலிக்கோ கட்டிலுக்கோ போங்கள். இரண்டு கையையும் அதன்மேல் வைத்து, வலுவான காலை முன்னால் கொண்டுவந்து பாதத்தைத் தரையில் பதியுங்கள், அந்தக் காலை அழுத்தி எழுந்து, நிற்க முயலாமல் அப்படியே திரும்பி நாற்காலியில் உட்கார்ந்துவிடுங்கள். தலை சுற்றாமல் இருந்தால் மட்டும் பிறகு நில்லுங்கள். முழங்காலுக்குக் கீழே மடித்த போர்வை போட்டு, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு, நன்றாக இருக்கிற நாளிலேயே வாரம் ஒருமுறை இதைப் பழகுங்கள். புதுக்காலை சார், நீங்களும் உங்கள் நாற்காலிப் பயிற்சி முடிந்ததும் இதை ஒரு தடவை சேர்த்துக்கொள்ளலாம்.